பாளையங்கோட்டையில் முப்பரிமாணக் கல் பதிவு: உருவம் முழுமை, கோடு பாதி

வரலாற்றுக்கு முந்தைய வேலைப்பாட்டுக் கற்களை வகுப்பில் சுழற்றிக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில், ஒளிப்படங்களைக் கொண்டு முப்பரிமாண மாதிரி செய்து தரும் பாளையங்கோட்டை நிலையம் ஒன்றை அண்மையில் சோதித்துப் பார்த்தேன். உண்மையான தொல்பொருளை வைத்துச் சோதிப்பது முறையன்று. ஆகவே ஸ்காட்லாந்தின் டோவியில் கிடைத்த, ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுடைய புதிய கற்கால உருண்டையின் நகலை மயிலாடிச் சிற்பி ஒருவரிடம் மாக்கல்லில் செதுக்கி வாங்கினேன். கைக்குள் அடங்கும் அந்த உருண்டையில் நான்கு குமிழ்கள் உண்டு. அவற்றில் மூன்றின்மேல் சுருள் முதலான கோட்டு வேலைப்பாடு. மூலப்பொருளின் மாதிரியை ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகமே இணையத்தில் வைத்திருப்பதால், சிற்பிக்கும் அதுவே வழிகாட்டியாயிற்று.

படம்பிடித்த விதத்தில் பெரிய குறையில்லை. சுழல்மேடையில் உருண்டையை வைத்து, பத்துப் பாகைக்கு ஒரு படமாக மூன்று உயரங்களில் எடுத்து, பிறகு அதைத் தலைகீழாக்கி மீண்டும் ஒரு முறை எடுத்தார்கள். மொத்தம் 216 படங்கள். பொருள் சுழலும்போது பின்னணி அசையாமல் தெரிந்தால் மென்பொருள் குழம்பும் என்பதால் பின்னால் கறுப்புத் துணி. சிற்பி தடவிய எண்ணெய்ப் பளபளப்புத்தான் தொல்லை தந்தது. ஒளித்திட்டு படத்துக்குப் படம் இடம் மாறினால் மாதிரியில் பொய்க் குழிகள் தோன்றும் என்று சொல்லி, கழுவிக் கொண்டுவரும்படி திருப்பி அனுப்பினார்கள். நகல் என்பதால் சீயக்காய் போட்டுக் கழுவினேன். உண்மையான தொல்பொருளை அப்படிக் கழுவ முடியாது. விளக்கிலும் கேமராவிலும் பளபளப்பை அடக்கும் முனைவாக்க வடிகட்டி பொருத்தியே எடுக்க வேண்டும், அந்த வசதி இங்கே இல்லை.

ஒன்பதாம் நாள் கைக்கு வந்த மாதிரியைக் கண்டு முதலில் அசந்துதான் போனேன். நிறத்தை நீக்கிவிட்டு, வெறும் உருவத்தின்மேல் ஒளியைச் சாய்வாக விழச்செய்து பார்த்தபோதுதான், கோடுகள் மேலே போர்த்திய ஒளிப்படத்தில் மட்டுமே இருப்பதும், உருவத்தில் அவை மழுங்கிக் கிடப்பதும் தெரிந்தது. செல்பேசியில் விரைவாகத் திறக்க வேண்டும் என்று, மாதிரியின் மேற்பரப்பை உருவாக்கும் சிறு முக்கோணங்களின் எண்ணிக்கையை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தார்கள். அம்மி கொத்துவதைப் பார்த்தவர்கள் அறிவார்கள், ஒவ்வொரு கொத்திலும் உளியின் சாய்வு பதிந்திருக்கும். எந்தக் கோடு முந்தியது, எது அதை வெட்டிச் செல்கிறது என்று பார்க்க உதவாத மாதிரி, எவ்வளவு அழகாயிருந்தாலும் பொம்மைதான்.

கேட்டவுடன் முகம் சுளிக்காமல் குறைக்காத கோப்பைத் தந்தார்கள். அதில் சுருள்கள் தெளிவாக நின்றன. அளவுகோலைப் பக்கத்தில் வைத்தே எடுத்திருந்ததால், வெர்னியரில் அளந்த விட்டத்துக்கும் திரையில் அளந்ததற்கும் 0.2 மில்லிமீட்டரே வேறுபாடு. 1,800 ரூபாய்க்கு இது தகும்.

நம் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) கிடைக்கும் குவார்ட்சு நுண்கருவிகளை, அதாவது மிகச் சிறிய கற்கருவிகளை, இவர்களிடம் எடுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒளி ஊடுருவும் கல்லுக்கு இம்முறை எளிதில் ஒத்துவராது. மற்றக் கற்களுக்குச் செல்பவர்கள் நிறமற்ற, குறைக்காத கோப்பையும் எடுத்த படங்கள் அனைத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பென் டிரைவ் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.