சம்பள வேலையா, சுயதொழிலா? யாழ்ப்பாணத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஒரு மாற்றுத்திறனாளி வேலை கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனால், பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது சுயதொழில் உதவிப் படிவம். தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, சிறுகடைக்குச் சாமான் என்று அதில் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். வழங்கும் பக்கத்துக்கு அது சுலபம். பொருளைக் கொடுத்ததும் கோப்பு முடிந்துவிடும். வாங்கியவருக்கோ அன்றைக்குத்தான் பாடு தொடங்குகிறது. முதல் இல்லாதவர், சந்தை தெரியாதவர், வீட்டைவிட்டு வெளியே போய் விற்க முடியாதவர் ஆகியோரிடம் வியாபாரத்தை ஒப்படைப்பது, இருக்கிற வழிகளில் மிகக் கடினமானதை மிகவும் வசதி குறைந்தவரிடம் தள்ளிவிடுவதாகும். மாதச் சம்பளம் தரும் வழிகளை முதலில் பார்த்து, அவை உண்மையிலேயே பொருந்தாதபோதுதான் சுயதொழிலுக்குப் போக வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஏனென்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் முன் போக்குவரத்துக் கணக்கு

2026 ஜனவரியிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபா கழிந்தால் கையில் 27,600 வரும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்தானாலும் தனியார் மினிபஸ்ஸானாலும் படியேறுவது நடவாத காரியம். ஓட்டோவுக்கு ஒரு வழிக்கு 400 ரூபா என்று மாதப் பேச்சுப் பேசினால், 25 நாளுக்கு 20,000 ரூபா. மிச்சம் 7,600. மறுபக்கம், வருமானம் குறைந்த குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான அரச கொடுப்பனவு 2025 இல் 7,500 இலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. அது குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. வருமானம் கூடினால் மீளாய்வில் நின்றுபோகவும் கூடும்.

இந்தக் கணக்கைப் போடாமல் "வேலைக்குப் போகச் சொன்னால் போகிறார்கள் இல்லை" என்று குறைசொல்வது அநியாயம். அதே கணக்கின் மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டவேண்டும். உங்கள் 2,400 உடன் சேர்த்தால் மாதம் 6,900 ரூபா, ஆண்டுக்கு 82,800 ரூபா உங்கள் பெயரில் சேர்கிறது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை வந்தால் சேமலாப நிதியை வயது வருமுன்னரே எடுக்கவும் வழியுண்டு. பக்கச் சில்லுப் பூட்டிய ஸ்கூட்டர் ஒன்று கைக்கு வந்துவிட்டால் கணக்கே தலைகீழாகும். ஆகவே உதவி கேட்பவர் தையல் இயந்திரத்துக்குப் பதிலாக ஸ்கூட்டரைக் கேட்பது பல வேளைகளில் புத்திசாலித்தனம். கொடையாளியிடம், கோயில் நிதியத்திடம், புலம்பெயர் ஊர்ச் சங்கத்திடம் கடிதம் எழுதும்போது இதை மனதில் வையுங்கள்.

அரச வேலை: உறுதி அதிகம், வாசல் ஒடுக்கம்

1988 ஆம் ஆண்டின் 27/88 இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. இரண்டு நிபந்தனைகள்: பதவிக்குரிய தகைமை இருக்கவேண்டும், உடல்நிலை அந்தக் கடமைக்குத் தடையாக இருக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் அடிபடுகிறார்கள். தடையா இல்லையா என்பதை நேர்முகத் தேர்வு மேசையில் இருப்பவர்தான் பார்த்த மாத்திரத்தில் முடிவுசெய்கிறார்.

இன்னொரு சிக்கல் கணிதம். ஒரு திணைக்களம் 10 பேரை எடுத்தால் 3 வீதம் என்பது ஓர் ஆளுக்கே வராது. அரைக்கு மேற்பட்டதை ஒன்றாக எடுத்தாலும் 17 வெற்றிடம் வேண்டும். முழு ஒன்று வர 34 வேண்டும். அதனால் சிறிய திணைக்களங்களின் விளம்பரங்களில் இந்த ஒதுக்கீட்டை நம்பி இருக்காதீர்கள். நூற்றுக்கணக்கில் ஆளெடுக்கும் முகாமைத்துவ உதவியாளர், அபிவிருத்தி உத்தியோகத்தர், ஆசிரியர் போன்ற பதவிகளைக் குறிவையுங்கள். வெள்ளிக்கிழமை வெளியாகும் வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியை வாரந்தோறும் பார்ப்பது ஒரு பழக்கமாகவே வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது செய்யவேண்டியது: உடல்நிலையை மறைக்காமல், சுற்றறிக்கையின் இலக்கத்தைக் குறிப்பிட்டு அந்த ஒதுக்கீட்டின் கீழும் தன்னைக் கவனிக்கும்படி எழுதுங்கள். பரீட்சைக்கு எழுத்துதவியாளர், மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், கீழ்மாடி மண்டபம் எது தேவையோ அதை விண்ணப்பத்துடனேயே எழுத்தில் கேளுங்கள். பரீட்சை நாளன்று வாசலில் நின்று கேட்டால் மேற்பார்வையாளருக்கு மனமிருந்தாலும் அதிகாரம் இருக்காது. மூன்றாம் நபர் ஒருவரின் கடிதமும் பயன்படும்: எந்தக் கடமையை எந்த உதவிக் கருவியோடு செய்யமுடியும் என்று பிசியோதெரபிஸ்ட் அல்லது கண் மருத்துவர் இரண்டு வரி எழுதித் தந்தால் மருத்துவப் பரிசோதனையில் வீண் கேள்வி குறையும்.

நியமனம் கிடைத்த பின்னும் ஒரு கண்டம் உண்டு: முதல் நியமன இடம். மாகாண சேவை என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எங்கும் போடலாம், யாழ். மாவட்டத்துக்குள்ளேயே நெடுந்தீவும் இருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறையில் சக்கர நாற்காலியோடு படகேறுவதை நினைத்துப் பாருங்கள். நியமனக் கடிதம் வருமுன், தெரிவான செய்தி கிடைத்த உடனேயே, வீட்டுக்கு அண்மையான இடம் கேட்டு மருத்துவச் சான்றோடு கடிதம் கொடுப்பது நல்லது. கடமையேற்ற பின் இடமாற்றம் கேட்பது நீண்ட வேலை.

தனியார் துறை: கதவு அகலம், உள்ளே என்ன என்று பார்க்கவேண்டும்

வேகத்தில் இந்த வழிதான் முந்தும். மாவட்டச் செயலகத்தில் இயங்கும் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தில் பதிந்தால், தொழிற்சந்தை நடக்கும்போது அழைப்பு வரும். பதியும்போது "எந்த வேலையும் செய்வேன்" என்று எழுதாதீர்கள். அப்படிப்பட்ட படிவத்தை யாருக்கும் பொருத்திப் பார்க்க முடியாது. "கணினித் தட்டச்சு, தமிழும் ஆங்கிலமும், உட்கார்ந்து செய்யும் வேலை, திருநெல்வேலி முதல் நகரம் வரை" என்று எழுதினால் அதற்கு ஆள் தேடி வருவார்கள்.

சேருமுன் இடத்தை நேரில் பாருங்கள். நகரத்துக் கடைகளில் பல, வடிகானுக்கு மேலே படிவைத்துக் கட்டியவை. சாய்தளத்துக்குப் பொதுவான அளவு 1க்கு 12: ஏழு அங்குலப் படி ஒன்றுக்கு ஏழடி நீளம் வேண்டும், இரண்டு படிக்குப் பதினான்கடி. மூன்றடியில் ஒரு பலகையைச் சரித்து வைத்துவிட்டு "ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்பவர்களிடம் போனால், மழை நாளில் நாற்காலி பின்பக்கம் கவிழும். கழிப்பறைக் கதவையும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். 80 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பெரும்பாலான நாற்காலிகள் சிக்கும். கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்காமல் எட்டு மணிநேரம் இருக்கும் பெண்கள் சிறுநீர்த் தொற்றால் வேலையை விடுகிறார்கள். வெளியே சொல்வதோ "குடும்பக் காரணம்".

செயற்கைக் கால் அணிபவர் கடைத்தள வேலைக்குப் போகுமுன் காலைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். வெயிலிலும் நெடுநேரம் நிற்கும்போதும் எச்சக் காலின், அதாவது வெட்டியபின் மிஞ்சிய பகுதியின், பருமன் நாளுக்குள்ளேயே மாறும். காலையில் இறுக்கமாக இருந்தது மாலையில் தளர்ந்து உரசிப் புண்ணாக்கும். கூடுதலாக ஒரு காலுறை பையில் இருக்கட்டும். 1987 இலிருந்து இயங்கும் யாழ். ஜெய்ப்பூர் நிலையத்தில் எச்சக் கால் உட்காரும் குழிப்பகுதியை முன்கூட்டியே சீர்செய்து கொள்ளலாம்.

கேட்டல் குறைபாடுள்ளவர்களுக்கு ஆடைத் தொழிற்சாலை, பொதியிடல், பேக்கரி, அச்சகம் எல்லாம் நன்கு பொருந்தும். அங்கே தடுமாற்றம் வருவது தொடர்பாடலில். சைகைமொழியே தாய்மொழியாக வளர்ந்தவருக்கு நீண்ட எழுத்துத் தமிழ் எப்போதும் இலகுவல்ல. மேற்பார்வையாளர் பத்து வரி வட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டு "சொன்னேன்தானே" என்றால் பிழை நடக்கும். ஒரு வரி, ஒரு படம், செய்து காட்டிய ஒரு மாதிரி: இவை போதும். கைதடி நஃபீல்ட் பாடசாலையில் படித்தவர்களை எடுக்கும் முதலாளி, முதல் வாரத்துக்கு அங்குள்ள ஆசிரியர் ஒருவரின் உதவியைக் கேட்டுப் பார்க்கலாம்.

அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு ஆரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று பழக்குவது இன்றியமையாதது. பொதியிடல் என்றால் எடுப்பது, நிறுப்பது, போடுவது, ஒட்டுவது, அடுக்குவது என்று பிரித்து, ஒன்று பழகிய பின் அடுத்ததைச் சேர்க்கவேண்டும். பழக்குபவர் முதல் நாள் முழுவதும், பிறகு அரை நாள், பிறகு கிழமைக்கு ஒருமுறை என்று விலகவேண்டும். திடீரென்று ஒரே நாளில் விலகினால் பழகியது எல்லாம் கலைந்துவிடும். கோண்டாவில் சிவபூமி போன்ற சிறப்புப் பாடசாலையில் படித்த பிள்ளையின் பெற்றோர், எந்த வேலையில் பிள்ளை நிலைத்து நிற்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டே முதலாளியிடம் போகலாம்.

சம்பளத்தில் நடக்கும் வழமையான ஏமாற்று, "பயிற்சிக் காலம்" என்று சொல்லிப் பல மாதம் குறைந்த தொகை கொடுத்துச் சேமலாப நிதி கட்டாமல் விடுவது. தகுதிகாண் காலமானாலும் தற்காலிகமானாலும் முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். மாற்றுத்திறனாளி என்பதற்காகக் குறைந்தபட்சச் சம்பளத்தில் தள்ளுபடி கிடையாது. அங்கத்துவ இலக்கத்தை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

சுயதொழில்: யாருக்கு நல்லது

கோழியை எடுப்போம். முட்டைக் கோழி 18 முதல் 20 கிழமையில்தான் முட்டையிடத் தொடங்கும். அதுவரை ஒரு குஞ்சு ஏறக்குறைய 6, 7 கிலோ தீன் தின்னும். 50 குஞ்சு என்றால் முதல் முட்டையைக் காணுமுன் 300 கிலோவுக்கு மேல். உதவித் திட்டம் குஞ்சும் கூடும் தரும். அந்த 300 கிலோவுக்குப் பணம் தராது. அதனால்தான் மூன்றாம் மாதத்தில் கோழிகள் இறைச்சிக்குப் போகின்றன. தீனுக்கான பணத்தை உதவியோடு சேர்த்துக் கேளுங்கள், அல்லது முட்டையிடும் பருவத்தை அண்டிய கோழிகளைக் குறைந்த எண்ணிக்கையில் கேளுங்கள்.

தையலில் பிரச்சினை பருவம். தீபாவளி, தைப்பொங்கல், பாடசாலைச் சீருடை, கலியாண மாதங்கள் என்று வேலை குவியும். மற்ற மாதங்களில் சட்டைக்குக் கிழிசல் தைப்பதுதான் வரும். ஒரே ஒழுங்கையில் நான்கு பேருக்கு இயந்திரம் கொடுத்தால் நால்வரும் நட்டப்படுவார்கள். கால் இயங்காதவருக்கு மிதிக்கும் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போன சம்பவங்களும் உண்டு; மோட்டார் பூட்டி, அதன் மிதியை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தும்படி அமைத்தால் போதும். இதை இயந்திரம் வாங்கும் நாளிலேயே சொல்லவேண்டும்.

நாளொன்றில் நோவு கூடிக் குறைபவர், பராமரிக்க வேண்டிய பிள்ளையை விட்டுப் போக முடியாதவர், தீவுப் பகுதியில் போக்குவரத்தே இல்லாதவர், ஏற்கெனவே வீட்டில் யாராவது செய்துவரும் தொழில் உள்ளவர் ஆகியோருக்குச் சுயதொழில் உண்மையில் நல்லது. பனையோலைப் பின்னல், ஒடியல்மா, கைப்பேசி திருத்தல் எதுவாயினும், பொருளை எடுத்துப்போய் விற்கும் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்பதே முதற் கேள்வி. இல்லையென்றால் தொடங்காதீர்கள்.

இணையவழி வேலை

போக்குவரத்துச் செலவு இல்லை. சேமலாப நிதியும் இல்லை. பார்வைக் குறைபாடுள்ளவருக்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆனால் யாழ்ப்பாணத்து அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினி என்ற, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் கொடுக்கும் பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். திரையில் "தமிழ்" என்று தெரிவதை வாசிப்பான் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்றுதான் ஒப்புவிக்கும். யூனிகோடில் வேலை தருபவரை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் உண்டு. பதிவுக்கட்டணம் கேட்கும் எந்த "வீட்டிலிருந்து தட்டச்சு" வேலையும் மோசடி. வெளிநாட்டுப் பணத்தை எந்த வழியில் வங்கிக்கு எடுப்பது என்பதை முதல் வேலையை ஏற்குமுன் தீர்மானியுங்கள்.

எந்த வழிக்கும் உதவும் ஒன்று

தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. மட்டம் 3 அல்லது 4 கையில் இருந்தால், நேர்முகத்தில் உங்கள் உடலைப் பற்றிய பேச்சு குறைந்து வேலையைப் பற்றிய பேச்சு கூடும். வகுப்புக்குப் போய்ப் படிக்கத்தான் வேண்டும் என்றில்லை. பல ஆண்டு தைத்தவர், வயரிங் செய்தவர், சமைத்தவர், செய்த வேலையின் படங்களையும் வாங்கியோரின் கடிதங்களையும் கோப்பாக்கி, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மதிப்பீட்டுக்கு நேரே போகலாம்.

மறுத்துவிட்டால்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, உடல்நிலையைக் காரணங்காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு செய்வதைத் தடைசெய்கிறது. மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய 24 ஆம் பிரிவு இடம்தருகிறது. அரச நிறுவனம் என்றால் அடிப்படை உரிமை மீறல் மனு என்ற வழியும் உண்டு, ஆனால் உச்ச நீதிமன்றத்துக்கான காலக்கெடு ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் சேர்க்கப்படாது. வாயால் மறுத்தால் அன்றே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, சொன்ன காரணத்தையும் திகதியையும் பதிந்து வையுங்கள். முறைப்பாட்டோடு அதன் பிரதியை இணைக்க மறக்கவேண்டாம்.