மூவொரு கடவுள் கையேடு, 40 ரூபாய்: பனிக்கட்டிப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்

மன்னார்குடி பக்கம் எங்கள் பங்குக் கோயில். ஞாயிறு மறைக்கல்வியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என் பொறுப்பு. போன மாதம் ஒரு பொடியன், "சார், இயேசு கெத்சமனி தோட்டத்துல யாருகிட்ட செபம் பண்ணாரு? அவரும் கடவுள்னா தனக்குத்தானேவா?" என்று கேட்டுவிட்டான். எதையோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வாரம் வேளாங்கண்ணி போனபோது, மெழுகுவர்த்தியும் சுரூபமும் விற்கிற கடைவரிசையில் தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற மூவொரு கடவுள் நம்பிக்கையை விளக்கும் இந்த 48 பக்கக் கையேடு கண்ணில் பட்டது, வாங்கிவிட்டேன்.

முதல் அத்தியாயமே சொதப்பல். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று வண்ணப்படம் போட்டு, இதுதான் மூவொரு கடவுள் என்கிறது. எல்லாரும் சொல்கிற உவமைதான், ஆனால் ஒரே தண்ணீர் வேளைக்கு ஒரு வடிவம் எடுக்கிறது என்றால், தந்தையும் மகனும் ஒரே ஆள் போட்ட வேறுவேறு வேஷம் என்றாகிவிடும், சபெல்லியு என்ற பழங்காலப் போதகரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தக் கருத்தைத் திருச்சபை அந்தக் காலத்திலேயே தப்பு என்று தள்ளிவிட்டது. நீராவி பனிக்கட்டியிடம் செபம் பண்ணுமா?

அப்புறம் வருகிற பகுதிக்காகவே காசு கொடுக்கலாம். பூசையில் விசுவாச அறிக்கையை மூச்சு விடாமல் ஓட்டிவிடுகிறோமே, "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்", அந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. மகனும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று ஆரியு என்ற குரு சொல்ல, 325இல் நிசேயா நகரத்தில் கூடிய ஆயர்கள் அதற்கு மறுப்பாக வைத்த வரி அது. தந்தை வேறு ஆள், மகன் வேறு ஆள், கடவுள் ஒருவரே. மனிதனாகப் பிறந்த மகன் தந்தையிடம் பேசினார். பொடியனுக்குப் பதில் கிடைத்துவிட்டது, முழுக்கப் புரிந்ததா என்று கேட்காதீர்கள், எனக்கே புரியவில்லை.

காசு வாங்கும்போது கடைக்கார அக்கா, "இதுல என்ன தம்பி குழப்பம், கல்லணையில ஒரே தண்ணிதானே காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரியுது" என்றார். டெல்டாக்காரனுக்கு உடனே பிடித்துப்போகும். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது, வெண்ணாற்றுக்குப் போன தண்ணீர் காவிரியில் இருக்காதே! மூவரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு இல்லை, ஒவ்வொருவரும் முழுக் கடவுள். (பங்கு பிரிக்கிற கதையைக் கடைமடைக்காரர்களிடம் எடுத்தால் வேறு சண்டை வரும்.)

பக்கத்து வீட்டு லுத்தரன் சபை அண்ணன் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க திரித்துவம்னு சொல்வோம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. பேருதான் வேற" என்று திருப்பித் தந்தார்.

வாங்கும்போது பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். தூய ஆவியைப் பற்றி 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்கள் அதே விசுவாச அறிக்கையில் விரித்து எழுதிய வரிகளுக்கு விளக்கம் 33ஆம் பக்கம் என்கிறது பொருளடக்கம். என் பிரதியில் 32க்கு அப்புறம் மறுபடியும் 17 வருகிறது. ஐந்துக்கு மூன்று.