ப்ளெக்ஸ், கோடி, ஜெல்லிஃபின்: வீட்டுப் பாட்டையும் படத்தையும் எதில் வைப்பது?

வருஷக்கணக்கில் சேர்ந்துபோன பாட்டுகளையும் படங்களையும் ஒரே இடத்தில் வைத்து, ஹால் டிவியிலும் ஃபோனிலும் சிரமமில்லாமல் போட்டுக்கொள்ள இதற்கென்றே இருக்கும் மென்பொருள்களில் எது நல்லது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் கோடியில் ஆரம்பித்து, ப்ளெக்ஸில் கொஞ்ச காலம் இருந்து, இப்போது படங்களுக்கு ஜெல்லிஃபின், பாட்டுக்கு நாவிட்ரோம் என்று நின்றிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். காரணத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓடிடியும் ஸ்ட்ரீமிங்கும் போதாதா? புதுப் படத்துக்கும் புதுப் பாட்டுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் உரிமம் முடிந்தால் படம் காணாமல் போகும், சில சமயம் சேவையே மூடிவிடும். விங்க் மியூசிக்கை ஏர்டெல் 2024இல் மூடியபோது, அதில் பட்டியல் போட்டு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வாங்கிய சிடி, இப்போது எங்கும் கிடைக்காத பழைய பாட்டு, வீட்டுக் கல்யாண வீடியோ இதெல்லாம் நம் டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும்.

பென் டிரைவை டிவியில் செருகிப் பார்ப்பதும் ஒரு வழிதான். ஒரே ஆள், ஒரே டிவி என்றால் வேறெதுவும் தேவையில்லை. இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும், உங்கள் டிவி அதைப் படிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, 2018க்குப் பிந்தைய சாம்சங் டிவிகளில் டிடிஎஸ் முறையில் பதிந்த ஒலி வராது. படம் ஓடும், சத்தம் இருக்காது.

கோடி 2000களின் தொடக்கத்தில் எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்தது. எக்ஸ்பிஎம்சி என்று நெடுங்காலம் இருந்து, 2014இல் கோடி என்று பெயர் மாறியது. ஓட்டும் திறனில் இன்றைக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பேன். எந்த ஃபார்மேட்டைக் கொடுத்தாலும் ஓட்டும், ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அப்படியே தள்ளிவிடும். ஆனால் லைப்ரரி, அதாவது என்னென்ன இருக்கிறது, எதுவரை பார்த்தோம் என்ற விவரம், அந்தந்தக் கருவியிலேயே தங்கிவிடும். ஹாலில் பாதி பார்த்த படத்தை அறையில் தொடர வேண்டுமென்றால் தனியாக ஒரு டேட்டாபேஸ் சர்வர் வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு திரை, நல்ல ஸ்பீக்கர் என்று இருப்பவர்களுக்குக் கோடியே போதும்.

அதே எக்ஸ்பிஎம்சியிலிருந்து 2008 வாக்கில் கிளைத்ததுதான் ப்ளெக்ஸ். இது சர்வர் முறை: ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும், மற்ற கருவிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நிறுவுவது சுலபம், ஏறக்குறைய எல்லா டிவிக்கும் ஆப் உண்டு, பாட்டுக்கென்றே இருக்கும் ப்ளெக்ஸாம்ப் உண்மையிலேயே அழகான ஆப். இதில் காசு விவகாரமும் உண்டு. வெளியூரிலிருந்து வீட்டுச் சர்வரில் படம் பார்ப்பது 2025 ஏப்ரல் முதல் கட்டணச் சேவை. ஆயுட்காலச் சந்தா அப்போது 119.99 டாலரிலிருந்து 249.99 டாலருக்கு ஏறியது. இருந்தாலும் நான் மாறியதற்குக் காசு முதல் காரணம் இல்லை.

முதல் காரணம், பெயர் வைக்கும் வேலை. சொந்தத் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு உண்மையான செலவு டிஸ்க்கில் இல்லை, உட்கார்ந்து பெயரும் விவரமும் திருத்தும் நேரத்தில்தான் இருக்கிறது. தமிழ்ப் பாட்டு என்றால் அது இரண்டு மடங்கு.

ஒரு சினிமா ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு பாட்டு. அதை அப்படியே சாஃப்ட்வேரில் சேர்த்தால் நாலு ஆல்பமாகச் சிதறிக் கிடக்கும். டேக்கில், அதாவது பாட்டு ஃபைலுக்குள் எழுதியிருக்கும் விவரத்தில், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் அதைப் பாடியவர் பெயர் இருப்பதுதான் காரணம். மேற்கத்திய ஆல்பத்தில் பாடகர் ஒருவரே என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. நாமோ பாட்டை இசையமைப்பாளரை வைத்துத் தேடுகிறவர்கள். ஆகவே ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் ஆறு பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரைப் போட வேண்டும், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர்கள் இருக்கட்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும். அப்புறம் எழுத்துக்கூட்டல். இளையராஜா பெயரை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள், ஓர் எழுத்து கூடக் குறைய இருந்தாலும் சாஃப்ட்வேருக்கு அவர் வேறு ஆள். பேசாமல் தமிழிலேயே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை, இன்றைய டேக் முறைகள் எல்லாம் யூனிகோடை ஏற்கும். பழைய எம்பி3களில் ஆல்பம் பெயருக்குப் பின்னால் ஏதாவது இணையதளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் உரித்தெடுக்க வேண்டும். ஒரே சிடியில் இரண்டு படப் பாட்டு போட்டு விற்ற காலத்துச் சிடி என்றால், இரண்டாகப் பிரித்து, ட்ராக் எண்ணை இரண்டாவது படத்துக்கு மறுபடி ஒன்றிலிருந்து போட வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு படம் வரும் வழக்கம் வேறு இருக்கிறது. ‘விக்ரம்’ 1986இலும் உண்டு, 2022இலும் உண்டு. முன்னதற்கு இசை இளையராஜா, பின்னதற்கு அனிருத். ஆண்டும் ஆல்பம் ஆர்ட்டிஸ்டும் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். படத்துக்கான ஃபோல்டரிலும் பெயரோடு ஆண்டைச் சேர்த்தே எழுத வேண்டும், இல்லையென்றால் கமலின் எண்பதுகளின் படத்துக்குப் புதுப் படத்தின் போஸ்டர் வந்து உட்காரும்.

இவ்வளவு உழைப்பையும் எங்கே சேமிக்கிறோம் என்பதுதான் கேள்வி. ப்ளெக்ஸுக்குள் போய் ஒரு பாட்டின் விவரத்தைத் திருத்தினால் அது ப்ளெக்ஸின் டேட்டாபேஸில் இருக்கும், பாட்டு ஃபைலில் ஏறாது. நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால் அத்தனையும் மறுபடி செய்ய வேண்டும். கோடியில் விவரங்களைத் தனி ஃபைலாக எடுக்க வழி இருக்கிறது, நாமாக நினைவு வைத்து எடுக்க வேண்டும். ஜெல்லிஃபினில் ஓர் அமைப்பை மாற்றிவிட்டால் போதும், ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் ஒரு சின்ன என்எஃப்ஓ ஃபைலாக, போஸ்டரோடு சேர்த்து, படம் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதி வைத்துவிடும். அந்த ஃபைலைக் கோடியும் படிக்கும். நாளைக்கு ஜெல்லிஃபினை விட்டுப் போனாலும் என் வேலை டிஸ்க்கோடு வரும்.

பாட்டுக்கு நாவிட்ரோமைத் தேர்ந்ததும் இதே கணக்கில்தான். அதில் டேக் திருத்தும் வசதியே கிடையாது. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. எம்பி3டேக் அல்லது கிட்3 என்ற இலவச மென்பொருளில் ஃபோல்டரின் பாட்டுகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்டை ஒரே முறை அடித்துச் சேமித்தால், அது ஃபைலுக்குள்ளேயே போய்விடும். நாவிட்ரோம் அதைப் படித்துக் காட்டும், கார் ஸ்டீரியோவும் அதையே காட்டும். ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐஃபோனில் ஆம்பர்ஃபை என்ற ஆப்கள் இரண்டும் இதோடு நன்றாக வேலை செய்கின்றன. சிம்ஃபோனியத்துக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டும். விருப்பப் பட்டியலும் கேட்ட கணக்கும் நாவிட்ரோமின் டேட்டாபேஸில்தான் இருக்கும், அதை மட்டும் தனியாக பேக்கப் எடுத்துக்கொள்கிறேன்.

ஜெல்லிஃபினிலும் குறை இல்லாமல் இல்லை. எம்பி என்ற சர்வர் தன் மூல நிரலை வெளியார் பார்க்க முடியாதபடி மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது இது. தன்னார்வலர்கள் நடத்துவது, முழுக்க இலவசம். ஆனால் டிவி ஆப்கள் ப்ளெக்ஸ் அளவுக்கு எல்லாக் கம்பெனி டிவியிலும் கிடைப்பதில்லை. முதலில் உங்கள் டிவியின் ஆப் ஸ்டோரில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்று வாங்க வேண்டிவரும். பெரிய பதிப்பு வரும்போது அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். 2025 அக்டோபரில் வந்த 10.11இல் டேட்டாபேஸையே மாற்றி அமைத்தார்கள், அந்த மாதிரி நேரத்தில் பேக்கப் இல்லாமல் கை வைக்கக் கூடாது. வெளியூரிலிருந்து பார்க்க, காசு கட்டிவிட்டு ப்ளெக்ஸில் உள்நுழைந்தால் போதும். இங்கே வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை நாமே அமைக்க வேண்டும். அம்மா அப்பா ஊரிலிருந்து அவர்கள் டிவியில் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் தேவை என்றால், நான் ப்ளெக்ஸையே சொல்வேன்.

கம்ப்யூட்டருக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். இன்டெல் ஏழாம் தலைமுறைக்குப் பிந்தைய பழைய லேப்டாப் போதும். 10 பிட் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய படத்தையும் அதன் கிராஃபிக்ஸ் பகுதி திணறாமல் டிவிக்கோ ஃபோனுக்கோ ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும், ஜெல்லிஃபினில் இந்த வசதிக்குக் காசு இல்லை. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடும். எந்நேரமும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும், அதனால் 60 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். சராசரியாகப் பத்து வாட் இழுத்தாலும் மாதத்துக்கு ஏழு யூனிட்தான். சிடியைப் பிரதி எடுப்பதென்றால் ஃப்ளாக் என்ற ஃபார்மேட்டில் எடுங்கள். அரை மணி நேர ஆல்பம் 200 மெகாபைட் அளவில் அடங்கும், தரம் ஒரு துளியும் குறையாது.

நாஸ் என்கிற, வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டிகளை நான் சொந்தமாக வைத்துப் பார்த்ததில்லை. மைத்துனர் வீட்டில் இருக்கும் ஒன்றில் ஜெல்லிஃபின் ஓடுகிறது, நன்றாகத்தான் தெரிகிறது. நெடுநாள் உழைப்பைப் பற்றி அதை வைத்துப் பேச மாட்டேன். எம்பி சர்வரையும் மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பிக்கிறவர்கள் எந்த சர்வரையும் நிறுவுவதற்கு முன்னால் ஒரே ஓர் இசையமைப்பாளரின் ஃபோல்டரை எடுத்து டேக்கைச் சரிசெய்து பாருங்கள். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்தால், மொத்தத் தொகுப்புக்கும் எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். திருத்தி முடித்த ஃபோல்டரை அன்றைக்கே இரண்டாவது டிஸ்க்கிலும் ஏற்றிவிடுங்கள்.