காடாத்துணி அட்டை சாக்ஸ்: இரண்டு மழைக்காலம் போட்டுப் பார்த்த பிறகு

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில், காக்காச்சிப் பக்கம் கோடாலி படாத காட்டில் மரம் அளப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டுகிற இடம். ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் பெய்யும். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு வேறென்ன வேண்டும்? அது காலில் ஏறிக் கடிக்காமலிருக்க முழங்கால் வரை போடும் துணியுறைதான் அட்டை சாக்ஸ்.

முதலில் இணையத்தில் 650 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். கரும்பச்சை நிறம், பார்க்க மிடுக்காக இருக்கும். கோளாறே அதில்தான். காட்டு இருட்டில் கரும்பச்சை மேல் ஏறுகிற அட்டை கண்ணுக்கே தெரியாது. முழங்காலில் எலாஸ்டிக் வேறு. மூன்றாம் வாரமே தொளதொளத்துப் போனது.

மலையேற வருகிறவர்களுக்கு அது போதுமோ என்னவோ. எங்கள் வேலை நிற்கிற வேலை. 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். பலகை வேர் விட்ட மரமென்றால் வேர் முடிகிற இடத்துக்கு மேலே. கொடியையும் சேர்த்து அளந்துவிடாமல் டேப்பைக் கொடிக்கு அடியில் நுழைக்க வேண்டும், அப்புறம் அலுமினியத் தகட்டில் எண் அடிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் பிடித்துக்கொண்டு அட்டை சருகுக்குள்ளிருந்து வந்துவிடும். மேலே சோலைமந்தி வெடிப்பலாவைக் கடித்துத் தோலைத் தலையில் போட்டுக்கொண்டிருக்கும். நிமிர்ந்து பார்க்க ஆசைதான். குனிந்து கால் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

கூட வரும் காணிப் பழங்குடி அண்ணன் ரப்பர் செருப்போடு, இடுப்பில் உப்பு முடிச்சோடு நடப்பவர். “உப்பெல்லாம் உனக்குத் தோதுப்படாதும்மா, காடாத்துணியில தச்சுப் போட்டுக்கோ” என்றார். அம்பாசமுத்திரத்தில் ஒரு தையல்கார அண்ணாச்சியிடம் போய்க் காலை வரைந்து காட்டினேன். “நாடகத்துக்கா?” என்று கேட்டார். ஜோடி 180 ரூபாய்.

முதல் ஜோடியில் தையல் குதிகாலுக்கு அடியில் வந்து கொப்புளம் போட்டது. அண்ணாச்சி முகம் சுளிக்காமல் தையலைப் புறங்காலுக்கு மாற்றி, இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார். ஒற்றைத் தையல் ஓரிடத்தில் விட்டாலும் போதும், அட்டை நூல் மாதிரி நீண்டு உள்ளே போய்விடும். நெருக்கமான நெசவு என்பதால் துணி வழியாகக் கடிக்கவும் முடியவில்லை. போன ஐப்பசியில் ஒரே மரத்தடியில் வெளியே 23 எண்ணினேன். வெளிர் துணியில் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே ஒன்றுகூட இல்லை.

குறை இல்லாமல் இல்லை. நனைந்தால் கனக்கும். அடுப்புக்கு மேலே கட்டிப் போட்டாலும் இரண்டு நாள் காயாது, அதனால் மூன்று ஜோடியாவது வேண்டும். எலாஸ்டிக் வேண்டாமென்று நாடா வைக்கச் சொன்னது நான்தான். மழையில் ஊறிய முடிச்சு சாயங்காலம் விறைத்த விரலுக்கு அவிழவே அவிழாது. இப்போது பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலும், மாற்று நாடா நாலு முழமும் இருக்கின்றன.