கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றிப் பல வருடம் ஓட்டிய அனுபவம்

2014-ல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக், ஐந்து கியர் மேனுவல். பெங்களூரில் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு சில்க் போர்டு வழியாகப் போய்வரும் வண்டி, அதாவது முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டிய ரூட். இதன் கியர் ஆயிலைப் பல வருடமாக நானே வீட்டில் மாற்றுகிறேன். மேனுவல் வண்டி வைத்திருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம் என்பதுதான் என் கருத்து.

பெரிய வித்தியாசம் தெரிவது டிசம்பர் காலையில்தான். பழைய ஆயிலில் வண்டி சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், புது ஆயில் ஊற்றியதும் அது நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால் எல்லா நோய்க்கும் இது மருந்தில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள், அப்போது சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்த பிறகு மட்டும் கடினமாக இருந்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம், ஆயிலுக்குச் செலவழித்துப் பயனில்லை.

எந்த ஆயில் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஜே.சி. ரோட்டில் சில கடைகளில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஜிஎல்-5 டப்பாவை நீட்டுவார்கள் (ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள்). வண்டியோடு வந்த கையேட்டில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் ஜிஎல்-4 தான். ஜிஎல்-5-ல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், அது கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கக்கூடும். 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90 என்கிற கெட்டித்தன்மை கிரேடும் உங்கள் கையேட்டில் உள்ளபடியே. சின்ன கார்களுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் கியர் பாக்ஸின் வெளிப்புறத்தை பிரஷ், பனியன் வேஸ்ட் வைத்துத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போல்ட்டைச் சுற்றியுள்ள மண் உள்ளே போகும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். அப்புறம் ரொம்ப முக்கியமானது, முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்துத் திறக்கவே வராமல் போனால், கீழே ஆயிலை இறக்கிவிட்ட வண்டியை எங்கேயும் ஓட்டிப் போக முடியாது.

இறக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருக்கும், அது சாதாரணத் தேய்மானம். கையில் எடுக்கும் அளவுக்கு உலோகத் துண்டு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், அலுமினிய மரை சுலபமாகப் போய்விடும். பெரும்பாலான வண்டிகளில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை வந்தால் அளவு சரி, ஆனால் வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும், முன்பக்கத்தை மட்டும் தூக்கி அளந்தால் கணக்கு தப்பும்.

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அதில் மாட்டிய நண்பர் ஒருவரின் காரில் ஆயிலை இறக்கியபோது பால் காபி நிறத்தில் வந்தது. சூடான கியர் பாக்ஸ் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆழமான தண்ணீரில் ஓட்டியிருந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே பரிசோதியுங்கள்.

"என் சிவிடி வண்டிக்கும் மாத்திடலாமே மாமா" என்று சிவிடி என்கிற ஆட்டோமேட்டிக் வகை கார் வைத்திருக்கும் மச்சான் கேட்டான், மறுத்துவிட்டேன். அதற்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான் வேண்டும், குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்துத்தான் பல வண்டிகளில் அளவே பார்க்க முடியும். தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன்.

பழைய ஆயிலை டப்பாவில் மூடி வைத்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுகிறேன். சாக்கடையில் ஊற்றினால் அது ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.