வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் திருமணங்களைத் தேடி ஒரு நடைச்சுற்றுலா

வியன்னாவின் பழைய நகரில், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துத் திருமணங்களை மட்டுமே பொருளாகக் கொண்டு சிறிய தனியார் நிறுவனம் ஒன்று ஆங்கிலத்தில் நடத்தும் நடைச்சுற்றுலாவில் அண்மையில் கலந்துகொண்டேன். அகஸ்டீனியத் தேவாலயத்தில் தொடங்கி, சற்றுத் தொலைவிலுள்ள கப்புச்சின் துறவியர் தேவாலயத்தின் அடியில், அக்குடும்பத்தினர் அடக்கமாகியுள்ள நிலவறைக் கல்லறையில் அது முடிகிறது.

கொடுத்த கட்டணம் தேவாலயத்திலேயே செரித்துவிட்டது. பேரரசி மரியா தெரேசாவின் மகள்களான மரியா கரோலினாவுக்கு 1768-லும், மாரி அன்டோனெட்டுக்கு 1770-லும் இங்கேதான் திருமணம் நடந்தது. இரண்டு மாப்பிள்ளைகளுமே வரவில்லை. மணமகளின் சகோதரர் ஃபெர்டினாண்டே இருமுறையும் மாப்பிள்ளைக்குப் பதிலாக நின்று சடங்கை முடித்துவைத்தார். (மைத்துனன் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பதைத்தான் நாம் கண்டிருக்கிறோம்.) அண்டை அரசான பிரஷ்யாவிடம் சைலீசியா மாநிலத்தைப் பறிகொடுத்த ஆஸ்திரியா, 1756-இல் பழம்பகையான பிரான்சுடன் கைகோத்ததையும், அந்த உறவை உறுதிப்படுத்தவே பிரான்சையும் இத்தாலியின் நேப்பிள்ஸ், பார்மாவையும் ஆண்ட பூர்பன் குடும்பத்து அரண்மனைகளுக்குப் பெண்கள் அனுப்பப்பட்டதையும் வழிகாட்டி நிதானமாக, தேவையற்ற நாடகமின்றி விளக்கினார். வேறொரு இளவரசரை விரும்பிய மரியா அமாலியா 1769-இல் பார்மா கோமகனுக்கு மணமுடித்து வைக்கப்பட்டதைச் சொல்லிவிட்டு, அதே தேவாலயத்திலுள்ள வெண்பளிங்குப் பிரமிடின் முன் எங்களை நிறுத்தினார். சிற்பி கனோவா வடித்த அது, விரும்பியவரை மணக்க அனுமதி பெற்ற ஒரே மகளான மரியா கிறிஸ்டினாவுக்குக் கணவர் ஆல்பர்ட் எழுப்பிய நினைவுச்சின்னம். திறந்த இருண்ட வாசலை நோக்கித் தலைகுனிந்து செல்லும் உருவங்களைப் பார்க்க அவர் தந்த அவகாசம் போதுமானதாக இருந்தது.

நிலவறையில் அந்தத் தரம் இறங்கிவிட்டது. நேப்பிள்ஸ் மன்னருக்கு முதலில் பேசப்பட்ட மகள் யோகன்னா 1762-இல் பெரியம்மையில் இறக்க, அடுத்துப் பேசப்பட்ட யோசெஃபாவும் 1767-இல் அதே நோய்க்குப் பலியான பிறகே கரோலினா அனுப்பப்பட்டார். ஒரே மாப்பிள்ளைக்கு அடுத்தடுத்து மூன்று சகோதரிகளைப் பேசிய இந்தக் கதையை வழிகாட்டி இரண்டே வாக்கியங்களில் கடந்தார். அதைவிட, அம்மையில் இறந்த அண்ணியின் சவப்பெட்டியருகே பிரார்த்தித்ததால்தான் யோசெஃபாவுக்கு நோய் தொற்றியது என்ற பழங்கதையை உண்மையெனவே சொன்னது ஏற்கத்தக்கதல்ல. அங்கு சென்று வந்த ஓரிரு நாட்களிலேயே அவருக்குக் கொப்புளங்கள் தோன்றிவிட்டன. பெரியம்மையோ தொற்றிய பின் வெளிப்பட ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும் நோய்.

மரியா தெரேசாவும் கணவர் ஃபிரான்ஸ் ஸ்டீஃபனும் துயிலெழுந்து ஒருவரையொருவர் நோக்குவதுபோல் அமைந்த பெரிய இரட்டைக் கல்லறைப் பேழையருகே குழுவினர் படமெடுப்பதிலேயே நேரம் போயிற்று. 1736-இல் தாம் விரும்பியவரையே மணந்த அந்தத் தாய், கிறிஸ்டினாவைத் தவிர மற்ற மகள்களுக்கு ஏன் அதை மறுத்தார் என்ற கேள்வியை எழுப்ப இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, ஆனால் வழிகாட்டி அதை எழுப்பவில்லை. வரலாற்றில் ஓரளவு பழக்கமுள்ளவர்களுக்கு இச்சுற்றுலாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் இந்தக் குடும்பத்தின் வம்சாவளியை ஒருமுறை படித்துவிட்டுச் செல்வது நல்லது, ஏனெனில் மகள்கள் அனைவர் பெயரும் மரியா என்றே தொடங்குகிறது.