வார்ன் வழியா, கும்ப்ளே வழியா? டெல்டா லெக் ஸ்பின்னர் எதைப் பிடிக்கலாம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் லெக் ஸ்பின் (மணிக்கட்டால் சுழற்றி, வலது கை பேட்ஸ்மேனை விட்டு விலகித் திரும்பும் பந்து) போட வரும் பையன்களில் பலர் பந்தைச் சுழற்றப் பழகும் முன்பே வேகமாகத் தள்ளப் பழகிவிடுகிறார்கள். டென்னிஸ் பந்துதான் காரணம். உளுந்து எடுத்த வயலில் பங்குனி, சித்திரையில் நடக்கும் ஆட்டங்களில் ஒருவருக்குக் கிடைப்பது ஓரிரு ஓவர். சிக்சருக்குத் தப்ப வேண்டுமானால் வேகம்தான் சுலபமான வழி. டென்னிஸ் பந்து 58 கிராம் சொச்சம், லெதர் பந்து 156 முதல் 163 கிராம். முன்னதற்குத் தோள் வேகமே போதும். பின்னதைச் சுழற்ற மோதிர விரலிலும் மணிக்கட்டிலும் வலு வேண்டும்.

ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னின் வழியில் எல்லாமே சுழற்சி. சுட்டு விரலும் நடு விரலும் தையலுக்குக் குறுக்கே, மோதிர விரல் மடங்கித் தையலின் மேல், கட்டைவிரல் சும்மா தொட்டபடி. பந்து உள்ளங்கையில் படவே கூடாது; பட்டால் சுழற்சி பாதியாகிவிடும். சில அடி நடை, பிறகு முன்காலை ஊன்றி உடம்பு முழுவதும் திரும்ப வேண்டும். விடும் நேரத்தில் தையல் ஸ்லிப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இடது கை சீக்கிரம் கீழே விழுந்தால் தலையும் ஆஃப் பக்கம் சாயும், லைன் போய்விடும். கை பந்தைச் சீக்கிரம் விட்டால் ஃபுல் டாஸ், தாமதித்தால் பாதி பிட்சில் விழும். 145 டெஸ்டில் 708 விக்கெட் எடுத்த வார்னுக்கே விரலிலும் தோளிலும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அந்த அளவு சுழற்சிக்கு உடம்பு கொடுக்கும் விலை அது.

இந்திய லெக் ஸ்பின்னர் அனில் கும்ப்ளேயின் வழியில் ஓட்டம் நீளம், கை உயரம், சுழற்சி பக்கவாட்டில் குறைவாகவும் முன்னோக்கி அதிகமாகவும் இருக்கும். பந்து திரும்புவதைவிட எழும்பும். எல்பிடபிள்யூ, போல்டு, பேட்டும் பேடும் சேர்ந்து தரும் கேட்ச் என்று விக்கெட் விழும். 132 டெஸ்டில் 619. 1999இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 74 ரன்னுக்குப் பத்தும். ஆனால் கும்ப்ளே ஆறடிக்கு மேல். ஐந்தரை அடிப் பையன் அதே பந்தைப் போட்டால் எழும்பாது, சறுக்கிக்கொண்டுதான் போகும். டி20யில் அதை வைத்துப் பிழைக்கலாம், ஆப்கானிஸ்தானின் ரஷீத் கான் போலக் கை வேகமும் கண்டுபிடிக்க முடியாத கூக்ளியும் (லெக் ஸ்பின் போலவே தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) இருந்தால். அவை இல்லாவிட்டால் சறுக்கும் பந்து பேட்ஸ்மேனுக்கு லட்டு.

இங்கே முடிவைக் குழப்புவது பிட்சில் விரிக்கும் மேட். தென்னை நார் மேட்டில் நார் பந்தைப் பிடிப்பதால் சுமாரான சுழற்சிகூட நன்றாகத் திரும்பும், உயரமாகவும் எழும்பும். மேட்டில் அள்ளிய விக்கெட்டை நம்பி டர்ஃபுக்கு, அதாவது மேட் இல்லாத மண் பிட்சுக்குப் போகிறவனின் பந்து அங்கே நேராகப் போகிறது, அவனும் பதறி இன்னும் வேகமாகப் போடுகிறான். நம் களிமண் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பின் மேல் விரித்த மேட்டில் ஒரு பந்து தோளுக்கு, அடுத்தது கணுக்காலுக்கு. ஆணி தளர்ந்து மடிப்பு விழுந்த மேட்டில் லெங்த்தைச் சரிபார்ப்பதே வீண். தரையைத் தண்ணீர் தெளித்து உருட்டி, மேட்டை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய பிறகுதான் பயிற்சி.

உண்மையான சுழற்சியைப் பார்க்க எளிய வழி இருக்கிறது. பந்தின் ஒரு பாதியில் வெள்ளை டேப் ஒட்டி, கீப்பர் பக்கமிருந்து போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். தையல் தள்ளாடாமல் சுழன்றால் சரி. தள்ளாடினால் பந்தை விடும்போது மணிக்கட்டு நிலையாக இல்லை.

வாழ்க்கைத் தொழிலாகப் பார்த்தால் சுழற்றுகிறவனுக்கு ஆபத்து அதிகம், அதை மறைக்கக் கூடாது. பந்தை மேலே தூக்கி ஃப்ளைட் கொடுப்பவன் அடி வாங்குவான். பொறுமையுள்ள கேப்டன் வேண்டும். தமிழ்நாட்டு லெக் ஸ்பின்னர் லட்சுமணன் சிவராமகிருஷ்ணன் 1984இல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார். ஆடியது மொத்தம் 9 டெஸ்ட்தான். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்த இன்னொரு தமிழ்நாட்டு லெக் ஸ்பின்னர் வி.வி. குமாருக்குக் கிடைத்தவை இரண்டே டெஸ்ட். சிக்கனமாகப் போடுகிறவன் மாவட்ட லீக்கிலிருந்து சென்னை லீக்குக்குப் போகும்போது சுலபமாக இடம் பிடிப்பான். 2016இல் தொடங்கிய டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) போன்ற 20 ஓவர் ஆட்டமும் அவனுக்கே சாதகம்.

அப்படியிருந்தும் 17 வயது வரை வார்ன் வழியைத்தான் பிடிக்கச் சொல்வோம். சுழற்றத் தெரிந்தவன் பிறகு வேகம் கூட்டலாம். வேகத்தில் கை இறுகியவன் சுழற்றக் கற்பது மிக அரிது. ஆறடியைத் தொடும் பையன் மட்டும் விதிவிலக்கு. கூக்ளியைத் தள்ளிப்போடுங்கள். அதையே போட்டுக்கொண்டிருந்தால் மணிக்கட்டு அந்தக் கோணத்திலேயே நின்று லெக் பிரேக் (வழக்கமான லெக் ஸ்பின் பந்து) காணாமல் போகும். பயிற்சியில் பத்துக்கு ஒன்று போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானமெல்லாம் தண்ணீர் நிற்கும்போது பள்ளி வராந்தாவே போதும். பத்து மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்தி, ஓட்டமில்லாமல், மணிக்கட்டை மட்டும் பயன்படுத்தி 60 பந்து. மோதிர விரல் தோல் உரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.